சினை ஊசியும் செயலியும்

பொங்கல் சீர் கொண்டுபோன இடத்தில்தான் வம்பு ஆரம்பித்தது. மேச்சேரியிலிருந்து மேட்டூர் போகும் சாலையில் நம்மவருடைய அத்தைக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், நாலு தென்னை, ஒரு கலப்பின ஜெர்சி மாடு. அரிசி, வெல்லம், கரும்பு, புடவை எல்லாவற்றையும் திண்ணையில் இறக்கிவைத்த நம்மவர், காபித் தம்ளர் கைக்கு வந்ததும் வழக்கம்போல உலக நடப்பை எடுத்தார்.

"அத்தே, இனிமேல் எல்லாமே ஏ.ஐ.தானுங்க."

தவிடும் பருத்திக்கொட்டையும் கலந்த தாழியிலிருந்து கையை எடுக்காமலே அத்தை கேட்டார்: "இனிமேலா? நாப்பது வருசமா அதுதானே கண்ணு நடக்குது. இந்தச் சுத்துப்பட்டுல பொலி காளை எங்க இருக்குது, சொல்லு பாக்கலாம்."

நம்மவருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அத்தை சொன்னது மாட்டாஸ்பத்திரிச் சீட்டில் இரண்டே ஆங்கில எழுத்தில் குறித்துக் கொடுக்கும் ஏ.ஐ. அதாவது செயற்கைக் கருவூட்டல். ஊர் பாஷையில் சினை ஊசி. நாமக்கல்லில் 1985இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மேச்சேரிக்குப் பக்கத்திலேயே பொட்டனேரியில், மேச்சேரி ஆட்டுக்கென்றே தனியாக ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்ட சீமையில் வந்து 'ஏ.ஐ. புதுசு' என்று சொன்னால் மாடே திரும்பிப் பார்க்கும்.

மூப்பு என்று பார்த்தாலும் அத்தை பக்கம்தான் நியாயம். 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரை ஜான் மெக்கார்த்தியும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் ஒரு கோடைக்கால ஆய்வுக்கூட்டத்துக்காகத் தாளில் எழுதியது 1955இல். காவிரிக்கு மேல் பக்கம், மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் செயற்கைக் கருவூட்டல் நடந்தது 1939இல். நம்மவருடைய ஏ.ஐ.யைவிட அத்தையின் ஏ.ஐ. பதினாறு வயது மூத்தது.

நம்மவரைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டூர் அனல் மின் நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் நடை, பிறகு டீக்கடை, பிறகு பேப்பர், பிறகு பேப்பரில் வந்ததைப் பற்றி மறுபடி டீக்கடை என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கை. தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகன், "இதுகிட்ட எது வேணாலும் கேக்கலாம்ப்பா" என்று சொல்லி அவருடைய போனில் ஒரு செயலியை ஏற்றிவிட்டுப் போனான். மகன் வீட்டுக்கு வந்தால் இப்படி எதையாவது ஏற்றுவதும், போன பிறகு அப்பா அதோடு மல்லுக்கட்டுவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றால் மேட்டூர்க்காரர் முதலில் எதைக் கேட்பார்? அணையில் எத்தனை அடி தண்ணீர் என்றுதான். தினமும் காலை 8 மணி நிலவரம் என்று பேப்பரில் ஒரு மூலையில் வருமே, நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு, வெளியேற்றம் என்று நாலே வரி. மற்ற ஊரில் ராசிபலன் பார்ப்பதுபோல இந்த ஊரில் அதைப் பார்ப்பார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் ஜூன் 12க்குத் தண்ணீர் திறப்பார்களா என்று கவலையோடு பார்ப்பார்கள். மேட்டூர்க்காரர்கள் வீட்டுப் பிள்ளையின் காய்ச்சல் அளவு மாதிரி பார்ப்பார்கள்.

செயலி பதில் சொன்னது. அழகான தமிழ், முற்றுப்புள்ளி, காற்புள்ளி எல்லாம் கச்சிதம். "மேட்டூர் அணையின் இன்றைய நீர்மட்டம் 142 அடி."

நம்மவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். 142 அடிதான். 1934 ஆகஸ்ட் 21ஆம் தேதி திறந்த நாளிலிருந்து இந்த அணையின் முழு அளவு 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இதெல்லாம் மேட்டூரில் ரேஷன் கார்டு எண்ணைவிட நன்றாக மனப்பாடம். 120க்கு மேல் இன்னும் 22 அடி ஏறினால் அணைப் பூங்கா வாசலில் மீன் வறுவல் சாப்பிடுகிறவர் மீனோடு மீனாகத்தான் போக வேண்டும். பிறகுதான் அவருக்குப் பொறி தட்டியது: 142 அடி என்பது முல்லைப்பெரியாறு. 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த அளவு. அந்த அணையைப் பற்றி ஊரெல்லாம் அத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்கள். 'அணை', 'அடி', 'தமிழ்நாடு' என்றதும் செயலியின் வாய்க்கு முதலில் வந்தது அந்த எண்.

"தப்புங்க. முழு அளவே 120தான்" என்று தட்டினார். "மன்னிக்கவும். நீங்கள் சொல்வது மிகச் சரி" என்று வந்தது. சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தவர், கைச்சபலத்தில் ஒரு சோதனை செய்தார். "இல்லை, முழு அளவு 100 அடி." அதற்கும், "மன்னிக்கவும். நீங்கள் சொல்வது மிகச் சரி!" இந்தத் தடவை ஆச்சரியக்குறி வேறு.

நம்மவர் பார்த்த வேலையில் இப்படி ஒரு ஆமாம்சாமி இருந்திருந்தால் கொதிகலன் எப்போதோ வெடித்திருக்கும்.

இது அவருடைய போனுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியில் செய்த ஒரு மாற்றத்தைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. காரணத்தை நிறுவனமே சொன்னது: கேட்பவர் எதைச் சொன்னாலும் அளவுக்கு மீறித் தலையாட்டி, முகஸ்துதி பாடுகிறது. முகஸ்துதிக்காகத் திரும்பப் பெறப்பட்ட சரக்கு என்று சரித்திரத்தில் வேறு எதுவும் உண்டா, தெரியவில்லை. மனிதர்களில் அப்படித் திரும்பப் பெறுவதாக இருந்தால் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டிலும் மேடை காலியாகிவிடும்.

இந்த எந்திரம் வேலை செய்யும் விதத்தை மகன் போனில் விளக்கினான். மலைமலையாக எழுத்தைப் படித்து, இந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். அவ்வளவுதான் அடிப்படை. அன்றைய அணை நிலவரத்தை இணையத்தில் தேடிப் பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும். தேடாமல் மனப்பாடத்திலிருந்து சொன்னால் இப்படித்தான். நம்மவருக்கு உடனே புரிந்துவிட்டது. நம் ஊரில் வழி கேட்டால் யாராவது 'தெரியாது' என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா? பெட்டிக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நிற்பவர், அன்றைக்குத்தான் அந்த ஊருக்கு வந்தவர் யாராக இருந்தாலும், "நேரா போய், லெப்ட்ல திரும்பி, ஒரு ஆலமரம் வரும், அங்க கேளுங்க" என்பார்கள். வழி தெரியாது என்று ஒப்புக்கொள்வது மரியாதைக் குறைவு. எந்திரமும் நம் ஆட்கள் எழுதியதைப் படித்துத்தானே வளர்ந்தது.

2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில் வரைபடச் செயலி காட்டிய குறுக்குவழியை நம்பிப் போன சுற்றுலாக் கார், படிக்கட்டில் இறங்கி நின்றது. ஆலமரத்தடியில் கேட்டிருந்தால்கூட அந்த ஆள் படிக்கட்டைச் சொல்லியிருக்க மாட்டார். அமெரிக்காவில் இன்னும் மேலே போனார்கள். நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்ட வக்கீல், சாட்ஜிபிடி எடுத்துக்கொடுத்த பழைய தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார். அதில் ஆறு தீர்ப்பு உலகத்திலேயே இல்லாதவை. இவை உண்மையானவைதானா என்று அதனிடமே அவர் கேட்டும் இருக்கிறார். உண்மைதான் என்று அதுவும் சொல்லியிருக்கிறது. திருடனிடமே 'நீ திருடினாயா' என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்ட கதை. 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம்.

மறுநாள் நம்மவர் வேறு பக்கமாக வந்தார். "மேட்டூர் என்ற சொல்லில் எத்தனை எழுத்து?" மே, ட், டூ, ர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் மடக்கிச் சொல்லும், நான்கு. செயலி முதலில் ஏழு என்றது, கண்டித்ததும் ஐந்து என்றது, பிறகு எட்டு என்றது. மகனைக் கேட்டால், "எட்டும் ஒரு வகையில் சரிதாம்ப்பா" என்கிறான். கணினிக்கு 'மே' ஒரே எழுத்து கிடையாதாம். 'ம' தனி, இரட்டைச்சுழிக் கொம்பு தனி. 'ட்' என்றால் 'ட' தனி, மேலே வைக்கும் புள்ளி தனி. அப்படி எண்ணினால் எட்டு குறி. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் இடம், ஆக மேட்டூருக்கு 24 பைட். இங்கிலீஷில் எழுதினால் ஆறே எழுத்து, ஆறே பைட்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் நம்மவருக்கு வேறு ஒரு கவலை வந்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு 'ங்க' போடாமல் பேச வராது. சரிங்க, ஆமாங்க, இல்லீங்க, வேணாமுங்க. கோபத்தில் திட்டும்போதுகூட "உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?" என்றுதான் கேட்போம். நம்மவர் செயலியிடமும் அப்படித்தான் தட்டுகிறார். ஒரு 'ங்க' என்பது மூன்று குறி, 9 பைட். எந்திரம் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கும், தமிழ் பெரும்பாலும் இங்கிலீஷைவிட அதிகத் துண்டாகும், துண்டு கூடினால் கணக்கும் கூடும், கணக்கு கூடினால் கரண்டும் கூடும். 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐயின் தலைவர் சாம் ஆல்ட்மனிடம் யாரோ இதையே கேட்டார்கள்: ஜனங்கள் 'ப்ளீஸ்', 'தேங்க்யூ' சொல்வதால் கரண்ட் பில் எவ்வளவு ஏறியிருக்கும்? கோடிக்கணக்கான டாலர், ஆனாலும் நல்ல செலவுதான் என்று அரை விளையாட்டாகப் பதில் சொன்னார் மனிதர். அவருக்குச் சேலம் மாவட்டத்து 'ங்க' பற்றித் தெரியாது. தெரிந்தால் இங்கே மட்டும் தனிக் கட்டணம் போட்டிருப்பார்.

கரண்ட் என்று வந்துவிட்டால் நம்மவரை நிறுத்த முடியாது. பென்சிலை எடுத்துக்கொண்டார். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகு நாலு, 600 மெகாவாட் அலகு ஒன்று, ஆகமொத்தம் 1,440 மெகாவாட். பழுது, பராமரிப்பு, நிலக்கரித் தட்டுப்பாடு எதுவும் இல்லாமல் வருஷம் முழுக்க ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம் (இந்த இடத்தில் நம்மவர் தானாகவே சிரித்துக்கொண்டார்). சுமார் 1,261 கோடி யூனிட் வரும். உலகத்திலுள்ள தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து 2024இல் குடித்த மின்சாரம் ஏறக்குறைய 41,500 கோடி யூனிட் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்குச் சொல்லியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் முப்பத்து மூன்று மேட்டூர்! உலகத்து மொத்த மின்சாரத்தில் அது ஒன்றரை சதவீதம்தான், அதிலும் ஏ.ஐ.யின் பங்கு ஒரு பகுதிதான். ஆனால் 2030க்குள் இந்தக் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் போகும் என்றும் அதே முகமை சொல்கிறது. நம்மவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அன்று முழுவதும் செயலியிடம் 'ங்க' போடாமல் பேசிப் பார்த்தார். மூன்றாவது கேள்வியிலேயே வாய் வலித்தது.

மேட்டூரில் ஏ.ஐ.யை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமானால் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போக வேண்டியதில்லை, பிளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போனால் போதும். நம்மவருடைய மைத்துனர் பேத்திக்குக் காதுகுத்து. பேனர் சொல்வதற்காக மைத்துனரும் தாய்மாமனும் நம்மவரும் போனார்கள். முன்பெல்லாம் கடைப் பையன் கையில் நாலைந்து வாழ்த்து வாசகம் இருக்கும். காதுகுத்துக்கு ஒன்று, பூப்புனித நீராட்டுக்கு ஒன்று, கண்ணீர் அஞ்சலிக்கு ஒன்று. ஆளுக்கு ஆள் பெயரை மாற்றினால் முடிந்தது. இப்போது பையன் ஏ.ஐ.யிடம் கேட்டுவிட்டான். அது எழுதிக்கொடுத்தது: "உன் செவிகள் ஞானத்தின் வாயில்களாக மலரட்டும்; இது உன் வாழ்க்கைப் பயணத்தின் ஓர் அழகிய அத்தியாயம்."

தாய்மாமன் இரண்டு தடவை படித்தார். "தம்பி, நாங்க காது குத்தறோமுங்க. இதைப் படிச்சா பள்ளிக்கூடத்துல சேக்கற மாதிரி இருக்குது. இதுல தாய்மாமன் எங்க?"

மூன்று லட்ச ரூபாய்க்குச் சீர் செய்கிறவரின் பெயர் இல்லாத காதுகுத்துக் கவிதையை எந்திரத்தைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. வாசகம் பழையபடி மாறியது. அடுத்து படம். குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு படம் கேட்டார்கள். வந்தது. மாமனுக்குத் தங்கச் சங்கிலி, சிங்கத்துக்குப் பொருத்தமான மீசை, பின்னால் மேட்டூர் அணையைப் போலவும் இல்லாமல் அணை இல்லை என்றும் சொல்ல முடியாமல் ஏதோ ஒரு சுவர். எல்லாம் சரி, வலது கையில் ஆறு விரல்.

"அழிச்சிடறேனுங்க அண்ணா" என்றான் பையன்.

"இருக்கட்டும் தம்பி, ஆறு விரல் யோகம்" என்றார் மாமன்.

பேனர் அப்படியே நின்றது. விழாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் மாமனுடைய கையைப் பிடித்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மொய் எழுதினார்கள். பையனுக்கு வேலை போய்விடுமோ என்று நம்மவர் தனியாக விசாரித்தார். வாசகத்தை ஜனங்களே போனில் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அதில் காசு குறைந்ததுதான் என்றான். "ஆனா படத்துக்குள்ள தமிழ்ல பேரு எழுதச் சொன்னா ஜிலேபி பிழிஞ்சு வெச்சிருதுங்க. அதைத் திருத்த நம்மகிட்டதான் வரணும்." ஜிலேபி இருக்கும் வரைக்கும் பையனுக்குச் சோறு உண்டு. ஜிலேபி மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்தாகிக்கொண்டு வருகிறது என்பதையும் அவனே சொன்னான்.

குரல் விஷயத்தில் அந்தக் குறைகூட இல்லை. 'லால் சலாம்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான், காலமான பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவருடைய குரலையும் ஏ.ஐ.யில் மீட்டுப் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். 'கோட்' படத்தில் பவதாரிணியின் குரலும் விஜயகாந்தின் முகமும் வந்தன. 2018இல் மறைந்த கலைஞர், 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். போனவர்களைக் கூப்பிட்டுப் பேச வைக்க முன்பு கோடாங்கியிடம் போக வேண்டும், உடுக்கை அடிக்க வேண்டும். இப்போது இரண்டு பேர், ஒரு லேப்டாப்.

வெளிச்சத்தில் செய்தால் கலை. இருட்டில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒருநாள் மத்தியானம் நம்மவர் வீட்டம்மாவுக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். மகனின் குரல், அச்சு அசல் அவனேதான். "அம்மா, ஒரு ஆக்சிடென்ட் ஆயிருச்சு. போன் உடைஞ்சிருச்சு, நண்பனோட நம்பர்லருந்து பேசறேன். அவசரமா நாற்பதாயிரம் அனுப்புங்க. தயவுசெய்து யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்களுக்குச் சிரமம் கொடுக்கறதுக்கு மன்னிச்சுக்குங்க."

அம்மா, "சரி சாமி, மத்தியானம் என்ன சாப்பிட்ட?" என்றார். எதிர்ப்பக்கம் ஒரு விநாடி சத்தமில்லை. பிறகு மறுபடியும் ஆக்சிடென்ட், மறுபடியும் நாற்பதாயிரம். அம்மா போனை வைத்துவிட்டார். பெங்களூருக்குப் பேசினால் மகன் ஆபீஸில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெருவே கேட்டது. "எம் பையன் எங்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டான்" என்றார் வீட்டம்மா. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியட்டும் என்று சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை நம்மவர் எழுதி, வாசல் கேட்டிலேயே ஒட்டிவிட்டார். இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு, வீடு வாடகைக்கா என்று கேட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நம்மவர் செயலியைத் தூக்கி எறியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. காப்பீட்டுக்காரர்கள் இங்கிலீஷில் நாலு பக்கம் கடிதம் அனுப்பியிருந்தார்கள். முன்பென்றால் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படித்த ஆள் யாராவது அகப்படுவார்களா என்று ஒரு வாரம் திரிய வேண்டும். படம் எடுத்துச் செயலியில் போட்டார். ஐந்து வரித் தமிழில் சொல்லிவிட்டது: இன்ன காகிதத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, இன்ன தேதிக்குள் அனுப்ப வேண்டும். இந்தத் தடவை நம்மவர் ஏமாறவில்லை. தேதியை மட்டும் கடிதத்திலும் விரல் வைத்துச் சரிபார்த்தார். சரியாக இருந்தது.

பெரிய வேலைகளும் நடக்கின்றன. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் மதுக்கரையில் ரயிலில் அடிபட்டு யானைகள் சாவது பல வருஷத்துத் துயரம். 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே 7.24 கோடி ரூபாயில் 12 கோபுரங்களும் கேமராக்களும் வைத்து ஒரு ஏ.ஐ. காவலைத் தொடங்கியது. இருட்டிலும் வெப்பத்தை வைத்துப் பார்க்கும் கேமரா யானையை இனம் கண்டதும் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும், அங்கிருந்து ரயில்வேக்குப் போகும், ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். இங்கே எந்திரம் கவிதை எழுதவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, 'மிகச் சரி' என்று தலையாட்டவில்லை. யானை, யானை இல்லை. அதோடு சரி. மாநில மின் ஆளுமை முகமை உருவாக்கிய 'இ-பார்வை' என்ற செயலி கண்ணைப் படம் பிடித்து, கண்புரை இருக்கிறதா என்று பார்க்கும். வாயை மூடிக்கொண்டு ஒரே வேலையைச் செய்கிற ஏ.ஐ.யைத்தான் நம்மவருக்குப் பிடித்திருக்கிறது. தொழிற்சாலையில் இருந்தவரல்லவா, நல்ல ஃபிட்டர் பேச மாட்டார் என்பது அவருடைய அனுபவம்.

இதையெல்லாம் அத்தைக்கு எடுத்துச் சொல்லத்தான் மாசி மாதம் ஒரு சாயங்காலம் மறுபடி தோட்டத்துக்குப் போனார். போன நேரத்தில் மாடு கத்திக்கொண்டிருந்தது. கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வந்தது, தீவனத்தைத் தொடவில்லை. அத்தை, "பருவத்துக்கு வந்திருக்குது" என்றார்.

நம்மவருக்கு இதுதான் சமயம். போனை வாயருகே பிடித்துச் சொன்னார்: "மாடு சினைக்குக் கத்துதுங்க. எப்ப ஊசி போடணுமுங்க?" திரையில் எழுத்து ஓடியது: 'மாடு சீனாவுக்குக் கத்துதுங்க.' செயலி கொஞ்சமும் தயங்காமல், சீனாவுக்குக் கால்நடை அனுப்புவதென்றால் என்னென்ன உரிமம், எந்தெந்தத் துறை என்று வரிசைப்படுத்த ஆரம்பித்தது. நம்மவர் அவசரமாக அழித்துவிட்டு விரலால் தட்டினார். இப்போது பதில் சுத்தமாக வந்தது. காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை.

நம்மவர் அதை உரக்கப் படித்துக் காட்டினார். அத்தை மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார். "சரியாத்தான் சொல்லுது. எங்கம்மாவும் இதையேதான் சொல்லுவாங்க. காத்தால கத்துனா பொழுதோட, பொழுதோட கத்துனா காத்தால. சரி, டாக்டரு நம்பரு குடுக்குமா, கேளு."

கேட்டார். கொடுத்தது. பத்து இலக்கம். போட்டால் தர்மபுரியில் யாரோ ஒருவர் எடுத்தார், தார்ப்பாய் வியாபாரமாம். மாட்டுக்குச் சினை ஊசி என்றதும் அவர் பதறவில்லை. "நம்மகிட்ட தார்ப்பாய்தானுங்க இருக்குது. மாட்டுக் கொட்டாய்க்கு மேல போடறதுன்னா சொல்லுங்க, நல்ல சரக்கு" என்றார். நல்ல மனிதர். எண்ணைக்கூட நம்மவர் சேமித்துக்கொண்டார்.

அத்தை ஒன்றும் சொல்லாமல் கொட்டகைக்குள் போய் லைட்டைப் போட்டார். சுண்ணாம்பு அடித்த சுவரில், கரிக்கட்டியால், ஆள் உயரத்துக்கு மாட்டு டாக்டருடைய எண். அதற்குக் கீழே போன இரண்டு ஈற்றின் ஊசி போட்ட தேதிகள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டாக்டர் வந்தார். வண்டியின் பின்னால் திரவ நைட்ரஜன் குடுவை. மூடியைத் திறந்தால் தையில் மேட்டூர்ப் பனி மாதிரி வெள்ளைப் புகை. உள்ளே மைனஸ் 196 டிகிரி. உறைவிந்துக் குச்சியை இடுக்கியால் எடுத்து, வெதுவெதுப்பான நீரில் இளக்கி, கையுறை மாட்டி, ஐந்தே நிமிஷத்தில் வேலையை முடித்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நம்மவர், வெளிநாடுகளில் மாட்டின் கழுத்தில் பட்டை மாட்டி, அது நடக்கிற நடையை வைத்தே பருவத்தைக் கண்டுபிடிக்கும் ஏ.ஐ. வந்துவிட்டது என்றார். "வரட்டுமுங்க, நல்லதுதான். இங்க முக்கால்வாசிப் பேரு ராத்திரி கத்தறதைக் கவனிக்கறதில்லை, நேரம் தவறிக் கூப்பிடறாங்க" என்றார் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே.

அத்தை கரிக்கட்டியை எடுத்துச் சுவரில் தேதி எழுதினார்.

இருபத்தோரு நாள் கணக்கு. அன்றைக்கு மறுபடி கத்தினால் ஊசி வீண். இருபத்தோராம் நாள் ராத்திரி அத்தை கொட்டகைப் பக்கமே கட்டில் போட்டுப் படுத்தார். மாடு அசை போட்டுக்கொண்டு கிடந்தது. காலையில் நம்மவருக்குப் போன் வந்தது.

"பிடிச்சிருச்சாட்ட இருக்குது கண்ணு."

"டாக்டரைக் கேட்டீங்களா அத்தே?"

"கேட்டேன். இப்பச் சொல்ல முடியாது, மூணு மாசம் போவட்டும், கைவிட்டுப் பாத்தாத்தான் தெரியும்னுட்டாரு. கன்னு கெடேரியா காளையான்னு கேட்டதுக்கு, தெரியாதுங்கம்மான்னுட்டாரு. உம் பொட்டியைக் கேட்டுப் பாரு."

நம்மவர் கேட்டார். இரண்டுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று செயலி முதலில் நியாயமாகத்தான் சொன்னது. "ஒன்றைச் சொல்லுங்க" என்று அழுத்திக் கேட்டதும், "வாழ்த்துகள்! உங்கள் வீட்டுக்கு அழகான கிடாரிக் கன்று வரப்போகிறது" என்று அடித்துச் சொல்லிவிட்டது.

"கெடேரியாமுங்க" என்றார் நம்மவர்.

"ம்" என்றார் அத்தை. "கார்த்திகையில தெரிஞ்சுரும். அதையும் செவுத்துல எழுதி வெச்சுக்கறேன்."